கரண்ட் போய் வந்த பிறகு தானாக எழும்புமா? வன்னியில் எட்டு வருட ஸ்குவிட் அனுபவம்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற எங்கள் சனசமூக நிலையத்தின் பின் அறையில் பத்துக் கொம்பியூட்டர்கள் இருக்கின்றன. பத்துக்கும் ஒரே 4ஜி ரவுட்டர், ஒரே சிம். 2017 இல் அந்த அறையை நான் பொறுப்பெடுத்தபோது, மாதம் 20 ஆம் திகதி ஆகும்போதே டேட்டா முடிந்துவிடும். மிச்சப் பத்து நாளும் சாதாரண தரப் பிள்ளைகள் வந்து வெறும் வேர்ட் பயிற்சி செய்துவிட்டுப் போவார்கள். ஒரே பைலைப் பத்து மெஷினும் பத்துத் தடவை இறக்குகிற நட்டத்தை எப்படி நிறுத்துவது என்று தேடப்போய்த்தான் ப்ரொக்சியில் வந்து நின்றேன்.

இந்த எட்டு வருடத்தில் ஸ்குவிட் என்ற ப்ரொக்சி மென்பொருளை விண்டோஸ், உபுண்டு, சென்ட்ஓஎஸ், மேக், ராஸ்பெரி பை, டெபியன் என்று எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்துவிட்டேன் (உபுண்டு, சென்ட்ஓஎஸ், டெபியன் மூன்றும் லினக்ஸ் வகைகள், ராஸ்பெரி பை ஒரு கையடக்கக் கொம்பியூட்டர்). எதிலும் போடுவது கஷ்டமில்லை, பத்து நிமிட வேலை. கரண்ட் போய் வந்த பிறகு, அறையில் யாரும் இல்லாத நேரத்தில், அது தானாக எழும்பி வேலை செய்கிறதா என்பதில்தான் ஒவ்வொன்றின் குணமும் தெரியும். நான் கண்டவற்றை அந்த ஒரு கேள்வியை வைத்தே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஸ்குவிட் 1996 இல் இருந்து வருகிற இலவச மென்பொருள். உங்கள் மெஷின்களுக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் நின்று, கேட்டதை வாங்கிக் கொடுத்து, முடிந்தால் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், அந்தச் சேமிப்புத்தான் கேஷ். வழக்கமாக 3128 ஆம் போர்ட்டில், அதாவது மெஷினின் அந்த இலக்க வாசலில், காத்திருக்கும்.

முதலில் போட்டது விண்டோஸ் 7 இல். விண்டோஸுக்கென்று ஒரு எம்எஸ்ஐ தொகுப்பு கிடைக்கும், நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அமத்தினால் சர்வீஸாகப் பதிந்து, கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னமும் வந்துவிடும். ஆனால் உள்ளே அது, லினக்ஸ் பாணி மென்பொருளை விண்டோஸில் ஓடவிடுகிற சிக்வின் மேல் ஓடுவதால், டி டிரைவில் ஒரு போல்டரைக் காட்ட வேண்டுமென்றால் டி என்று எழுதினால் ஏற்காது, சிக்டிரைவ் என்று தொடங்கி லினக்ஸ் பாணியில் சாய்கோடு போட்டு எழுத வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் பின்னேரம் போனது. அடுத்த தலையிடி, வெளியில் இருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கிற ஃபயர்வால். 3128 ஐத் திறந்துவிட்டு எல்லாம் சரி என்று இருந்தேன். ரவுட்டரை மாற்றிய அன்று விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்து ‘பப்ளிக்’ வகையில் போட்டுவிட்டது. நான் எழுதிய விதி ‘பிரைவேட்’ வகைக்கு மட்டும். பத்து மெஷினிலும் நெட் இல்லை. அந்த விதியை எழுதும்போது எந்த வகை நெட்வொர்க்குக்கு என்று கேட்கும் இடத்தை யாரும் அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்.

இதெல்லாம் ஒரு தடவை செய்தால் முடிந்தது. முடியாதது கரண்ட் சோலி. எங்கள் பக்கத்தில் கரண்ட் ஒரேயடியாகப் போவதில்லை. போகும், ஐந்து நிமிடத்தில் வரும், மெஷின் பாதி எழும்பும்போது திரும்பவும் போகும். அப்படிப் பாதியில் நின்ற விண்டோஸ் 7 அடுத்த முறை நேராக உள்ளே போகாது, பழுதுபார்க்கும் திரையில் போய் நிற்கும், யாராவது வந்து கீபோர்டைத் தட்ட வேண்டும். அறைத் திறப்பு என்னிடம், நான் வேலை முடிந்து கிளிநொச்சியில் இருந்து வர பின்னேரம் ஐந்து மணி. இரண்டு மணிக்கு வந்த பிள்ளைகள் அதுவரைக்கும் விறாந்தையில் இருப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது.

2018 இல் உபுண்டு 18.04 க்கு மாறினேன். சுடோ ஏப்டி இன்ஸ்டால் ஸ்குவிட் என்ற ஒரு வரிதான். போட்டவுடன் மற்ற மெஷின்களில் இருந்து பார்த்தால் ‘அக்சஸ் டினைட்’ என்று வரும், பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். அது பிழையில்லை, பாதுகாப்பு. உபுண்டுவும் டெபியனும் தருகிற கொன்ஃபிக் பைலில் (ஸ்குவிட்டின் அமைப்புகள் எழுதியிருக்கிற பைல்) ஸ்குவிட் ஓடுகிற மெஷினுக்கு மட்டும்தான் அனுமதி. உங்கள் உள் நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுக்கும் வரியை, ‘டினை ஆல்’ என்ற வரிக்கு மேலே எழுத வேண்டும். ஸ்குவிட் மேலிருந்து கீழே வாசித்து, முதலில் பொருந்துகிற விதியோடு நின்றுவிடும், ஆகவே கீழே எழுதினால் அதை எட்டியே பார்க்காது. அதற்காக ‘அலோ ஆல்’ என்று எழுதுகிற ஆட்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியில் இருந்து எட்டக்கூடிய இடத்தில் அப்படித் திறந்து வைத்தால், முகம் தெரியாத ஆட்கள் செய்கிற வேலைகளெல்லாம் உங்கள் பெயரில் பதியும்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. உபுண்டு, டெபியன் இரண்டிலும் டிஸ்க் கேஷ் தொடக்கத்தில் நிறுத்தித்தான் இருக்கும், நினைவகத்தில் மட்டும்தான் வைக்கும், மெஷின் நின்றால் எல்லாம் போய்விடும். கேஷை டிஸ்கில் எங்கே வைப்பது என்று சொல்கிற கேஷ் டிர் வரிக்கு முன்னால் உள்ள # குறியை எடுத்துவிட வேண்டும். அது தருகிற அளவு வெறும் 100 எம்பி, அதையும் கூட்ட வேண்டும். தனி ஒரு பைலின் உச்ச அளவு 4 எம்பி என்று வைத்திருப்பார்கள், அதைக் கூட்டாவிட்டால் பெரிய அப்டேட் எதுவும் தங்காது. அந்த உச்ச அளவு வரி கேஷ் டிர் வரிக்கு மேலே வர வேண்டும், கீழே எழுதியதால் நான் இரண்டு மாதம் பலனில்லாமல் ஓட்டினேன்.

கரண்ட் கேள்விக்கு வருவோம். உபுண்டு எழும்பியது. பாதியில் நின்றாலும் டிஸ்கைத் தானே சரிபார்த்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் உள்ளே போனது. ஸ்குவிட் தன் கேஷ் பட்டியலைத் திரும்பக் கட்டும், பழைய ஹார்ட் டிஸ்கில் அதற்கு நேரம் எடுக்கும், ஆனாலும் கேட்பவர்களுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே கட்டும். ஒன்றே ஒன்று, மெஷின் எழும்பும்போது முதலில் ஓடுகிற பயோஸில் கரண்ட் வந்ததும் தானாக எழும்பு என்ற அமைப்பைப் போட்டிருக்க வேண்டும். இது ஓஎஸ் விஷயமே இல்லை, ஆனால் இது இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி செத்துப்போனால் அந்த அமைப்பையும் சில மெஷின்கள் மறந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2018 மார்கழி வெள்ளத்தை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிலத்தில் வைத்திருந்த அந்த மெஷின் தண்ணீரில் போய்விட்டது. கொன்ஃபிக் பைலின் பிரதி ஒரு பென் டிரைவில் வீட்டில் இருந்தது. தை மாதம் கிடைத்த வேறொரு பழைய மெஷினில் உபுண்டு போட்டு, அந்த ஒரு பைலை வைத்து, கால் மணித்தியாலத்தில் பழையபடி ஓடவிட்டேன். அன்றிலிருந்து சேர்வர் மேசைக்கு மேலேதான்.

சென்ட்ஓஎஸ் 7 ஐயும் ஆறு மாதம் வைத்திருந்தேன். அதில் உள் நெட்வொர்க்குக்கு அனுமதி ஏற்கெனவே இருக்கும், ஆனால் அதன் ஃபயர்வாலான ஃபயர்வால்டி 3128 ஐ அடைத்து வைத்திருக்கும். கேஷை வேறு டிஸ்குக்கு மாற்றினால் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுக்கும், அந்த போல்டருக்கு ஸ்குவிட் கேஷ் என்ற அடையாளத்தைக் கொடுத்தால்தான் விடும். இணையத்தில் கனபேர் எஸ்ஈலினக்ஸையே நிறுத்திவிடு என்று எழுதுவார்கள், நான் நிறுத்தவில்லை. இரண்டு கட்டளைகள் எழுதினால் போதுமான விஷயத்துக்குப் பூட்டையே கழற்ற வேண்டியதில்லை. கரண்டுக்கும் நன்றாகத்தான் தாக்குப்பிடித்தது. ஆனால் 2024 ஆனியோடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது, இப்போது புதிதாக யாரும் அதைத் தொட வேண்டாம்.

மேக் அனுபவம் மூன்று கிழமைதான். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கனடாவில் இருந்து வந்த பெரியம்மாவின் மகன் தன் மேக்புக்கில் போட்டுப் பார்க்கச் சொன்னான். மேக்கில் மென்பொருள் போட உதவுகிற ஹோம்ப்ரூ இருந்தால் அதுவும் ஒரு வரி. கொன்ஃபிக் பைல் இன்டெல் மேக்கில் ஒரு இடத்திலும், எம் வகைச் சில்லு உள்ளதில் ஓப்ட் ஹோம்ப்ரூ என்ற போல்டரின் கீழும் இருக்கும், அதைத் தவிர வித்தியாசம் இல்லை. மூடியைச் சாத்தினால் மேக் தூங்கும், ப்ரொக்சியும் சேர்ந்து தூங்கும். தனி ஆளின் சோதனைக்கு நல்லது, ஒரு அறைக்கு அல்ல.

2021 இல் ராஸ்பெரி பை 4 வாங்கினேன். 2022 பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் அது செய்த உதவியை மறக்க மாட்டேன். உச்சமாக 15 வாட் கேட்கிற சாமான், கூரையில் இருந்த ஒரு சோலார் தகடு, 12 வோல்ட் பேட்டரி, 5 வோல்ட்டுக்கு இறக்குகிற ஒரு சின்ன கன்வேர்ட்டர். ரவுட்டரும் அதே பேட்டரியில். ஊரே இருட்டில் இருந்தபோது உயர்தரப் பிள்ளைகள் நான்கு பேர் மடிக்கணினியோடு வந்து அந்த அறையில் இருந்து படித்தார்கள். டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்கள் அவை, ஜெனரேட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் ராஸ்பெரி பையில் இரண்டு பலவீனங்கள். ஒன்று எஸ்டி கார்ட். ஸ்குவிட் ஓயாமல் எழுதும், நடுவில் பேட்டரி இறங்கிவிட்டால் கார்ட் கெட்டுப்போகும், எனக்கு இரண்டு கார்ட் அப்படிப் போனது. யூஎஸ்பி வழியாக ஒரு எஸ்எஸ்டி போட்டு, கேஷையும் லாக்கையும் (நடந்ததையெல்லாம் நேரத்தோடு பதிகிற பைல்) அதற்கு மாற்றிய பிறகு பிரச்சினை இல்லை. மற்றது, பை 4 இல் மணிக்கூட்டுப் பேட்டரி கிடையாது. நெட் வந்த பிறகுதான் சரியான நேரத்தை எடுக்கும். சிக்னல் இல்லாத காலையில் எழும்பினால் பழைய நேரத்திலேயே நிற்கும், லாக்கைப் பார்த்து எதையும் விளங்கிக்கொள்ள முடியாது.

சரி, இப்போது கேஷ் செய்வதில் பலன் இருக்கிறதா என்று கேட்பீர்கள். முன்னைப்போல இல்லை, இதை மறைக்கக் கூடாது. பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் ஆகிவிட்டன, அதாவது எல்லாவற்றையும் பூட்டி அனுப்புகின்றன. அவற்றுக்கு ஸ்குவிட் வெறும் குழாய், எந்தத் தளம் என்று தெரியும், உள்ளே என்ன போகிறது என்று தெரியாது, லாக்கில் ‘டனல்’ என்று மட்டும் விழும். எஸ்எஸ்எல் பம்ப் என்று ஒரு முறை இருக்கிறது, எல்லா மெஷினிலும் நம் சான்றிதழைப் போட்டு, நடுவில் உடைத்துப் பார்த்து, திரும்ப மூடி அனுப்பலாம். டெபியனில் அதற்கு ஸ்குவிட் ஓபன்எஸ்எஸ்எல் என்று தனித் தொகுப்பே உண்டு. நான் போடவில்லை, போடவும் மாட்டேன். அந்த அறையில் இருந்துதான் ஊர் அம்மாமார் வெளிநாட்டுப் பிள்ளைகளின் மடலைப் பார்க்கிறார்கள், வங்கிக் கணக்கைத் திறக்கிறார்கள். அவர்களின் கடவுச்சொல் என் மெஷினில் ஒரு விநாடிகூட வெளிச்சமாக நிற்கக் கூடாது.

பலன் வேறு இடத்தில் இருக்கிறது. லினக்ஸ் தொகுப்புகள் இன்றும் சாதாரண எச்டிடிபியில் வரும், கையொப்பத்தால் சரிபார்க்கப்படுவதால் அதில் ஆபத்தில்லை. அதற்கென்றே ஏப்ட் கேஷர் என்ஜி என்று ஒன்று 3142 ஆம் போர்ட்டில் ஓடவிட்டிருக்கிறேன். எங்கள் டேட்டா பொதியில் நடுச்சாமத்துக்குப் பிறகு தனி ஒதுக்கீடு, பகலில் அதைத் தொட முடியாது. ஆகவே இரவு ஒரு மணிக்கு ஒரு மெஷின் அப்டேட் எல்லாவற்றையும் இறக்கும், காலையில் மற்றவை உள்ளிருந்தே எடுத்துக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய பலன் டிலே பூல்ஸ். ஒரு பொடியன் பெரிய வீடியோ போட்டால் மற்ற ஒன்பது பேரும் நிற்கிற நிலைமையை இதுதான் முடித்து வைத்தது. மெஷினுக்கு இவ்வளவு வேகம் என்று பிரித்துக் கொடுக்கலாம், குழாயாகப் போகிற எச்டிடிபிஎஸ்ஸையும் அது கட்டுப்படுத்தும். எழுதுகிற எண்கள் பிட் அல்ல, பைட், எட்டு மடங்கு வித்தியாசம், கவனமாக இருங்கள்.

ப்ரொக்சியைப் பயன்படுத்துகிற மெஷின்களின் பக்கம் ஒரு விஷயம். குரோம் விண்டோஸின் அமைப்பையே எடுத்துக்கொள்ளும், ஃபயர்ஃபொக்ஸில் தனியாகவும் போடலாம். தங்கள் மடிக்கணினியில் கையால் முகவரி அடித்த பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் நெட் வேலை செய்யாது. அவர்களுக்கு பிஏசி பைல் ஒன்றைக் கொடுத்துவிட்டேன், அறையில் இருந்தால் ப்ரொக்சி, இல்லாவிட்டால் நேரடியாக. ஃபோன்களில் வைஃபை அமைப்புக்குள் போய்ப் போடலாம், ஆனால் சில செயலிகள் அதைக் கணக்கெடுப்பதில்லை.

2023 இல் இருந்து டெபியன் 12. ஒரு பழைய சின்ன டெஸ்க்டொப், உள்ளே எஸ்எஸ்டி. ஸ்குவிட் 5 வருகிறது. பழைய கொன்ஃபிக்கை அப்படியே வைத்தபோது ஒரு வரிக்கு மட்டும் முறைப்பட்டது, டிஎன்எஸ் வி4 ஃபர்ஸ்ட் என்ற வரி இந்தப் பதிப்பில் இல்லை. பைலை மாற்றினால் உடனே ரீஸ்டார்ட் கொடுக்காமல், ஸ்குவிட் கே பார்ஸ் என்று கொடுத்துச் சரிபாருங்கள், பிழையை வரி இலக்கத்தோடு சொல்லும். ரீஸ்டார்ட் கொடுத்தால் பழைய தொடர்புகள் முடிய 30 விநாடி வரை காத்திருக்கும், தொங்கிவிட்டது என்று நினைத்துப் பவரை இழுக்காதீர்கள்.

இப்போது அறையைப் பார்ப்பது அங்கேயே படித்து வந்த ஒரு தங்கச்சி. முன்பு கிழமைக்கு இரண்டு தடவை அவளிடமிருந்து அழைப்பு வரும், “அண்ணா, கரண்ட் வந்திட்டுது, நெட் மட்டும் வரேல்லை” என்று. போன மழைக்காலத்தில் மொத்தமே ஒரு தடவைதான் வந்தது. அதுவும் ரவுட்டரின் வயரைக் குரங்கு இழுத்துப் போட்டதால்.

விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஐப்பசியில் முடிந்துவிட்டது. அறையில் ஆறு மெஷினில் இன்னும் அதுதான் இருக்கிறது, 11 க்குப் போக அவற்றால் முடியாது. பள்ளி விடுமுறையில் அவளும் நானும் ஆறிலும் டெபியன் போடப்போகிறோம், தேவையான தொகுப்புகளை இரவு டேட்டாவில் இறக்கத் தொடங்கிவிட்டோம்.