எல்சிடி காப்புரிமை: அமெரிக்க அளவுகோலா, ஐரோப்பிய அளவுகோலா?

பழைய எல்சிடியில் திரவப் படிக மூலக்கூறுகள் ஒரு கண்ணாடியிலிருந்து மறு கண்ணாடிக்குள் 90 டிகிரி முறுக்கி நிற்கும். திரையில் புள்ளி வரிசைகள் கூடினால் எழுத்து மங்கிவிடும். 1980களில் முறுக்கை 270 டிகிரி வரை கூட்டினார்கள். எழுத்து பளிச்சென்று வந்தது. கோணத்தைக் கூட்டுவது யாருக்கும் தோன்றாதா என்று இன்று கேட்பது சுலபம். ஆனால் அந்தத் துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது என்றால் காப்புரிமை கிடையாது; அதை எப்படி அளப்பது என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில், உச்ச நீதிமன்றத்தின் 2007 கேஎஸ்ஆர் தீர்ப்புக்கு அப்புறம், இதை முடிவு செய்யும்போது துறை தெரிந்தவரின் பொது அறிவுக்கும் இடமுண்டு. நெகிழ்வான முறைதான். ஆனால் விடை தெரிந்தபின் எல்லாமே எளிதாகத் தோன்றும் ஆபத்து இதில் அதிகம்.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மிக நெருங்கிய பழைய கண்டுபிடிப்பை எடுத்து, அதிலிருந்து எந்தச் சிக்கல் தீர்ந்தது என்று முதலில் வரையறுப்பார்கள். அப்புறம், துறை தெரிந்தவரால் கோணத்தைக் கூட்டியிருக்க முடியுமா என்றல்ல, மங்கலைப் போக்க உண்மையிலேயே கூட்டியிருப்பாரா என்று கேட்பார்கள்.