சம்பளப் பாக்கியா? லிட்டில் இந்தியாவில் இந்த மேசைக்குப் போங்கள்

கம்பி கட்டும் வேலைக்குச் சிங்கப்பூர் வந்தவன் நான். ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். துவாஸில் ஒரு மருந்துத் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. மெயின் கான்ட்ராக்டருக்குக் கீழே ஒரு சப், அந்த சப்-கான்ட்ராக்டருக்குக் கீழே இன்னொரு சப், அதில் நான். ஐந்து மாதம் குறைத்துக் கொடுத்தார்கள், அடுத்த இரண்டு மாதம் ஒன்றுமே கொடுக்கவில்லை. கேட்டால் "மேலேயிருந்து பில் பாஸ் ஆகல"தான் பதில். கொஞ்சம் அழுத்திக் கேட்டேன், "ஊருக்கு டிக்கெட் போட்டுடுவோம்" என்றார்கள். ஊரில் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கடனே பாதிகூட அடையவில்லை.

டார்மிட்டரியில் என் பக்கத்துக் கட்டில் அறந்தாங்கி அண்ணன்தான் டி.டபிள்யூ.சி.2 பற்றிச் சொன்னார். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் தொண்டு அமைப்பு அது, முழுப்பெயர் ட்ரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ. வேலையும் இல்லாமல், வழக்கும் முடியாமல் நிற்கிற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போடுகிறார்கள். கஃப் ரோடு ப்ராஜெக்ட் என்று பெயர், 2008லிருந்து நடக்கிறது.

முதல் நாள் கூச்சத்தோடுதான் போனேன். சுடச்சுடச் சோறு, பருப்பு, பொரியல். எதிரில் ஒரு பங்களாதேஷ்காரர், கையில் கட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சோறு உள்ளே இறங்கியது.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு அக்கா கூப்பிட்டு உட்கார வைத்தார். "தம்பி, ஐ.பி.ஏ. வச்சிருக்கீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. விமானம் ஏறுவதற்கு முன் வரும் அந்த அனுமதிக் கடிதத்தை, தமிழில் அச்சடித்த பக்கத்தோடு, நான் மடித்து பெர்மிட் கவரிலேயே வைத்திருந்தேன். அதில் மாத அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆனால் வந்து இறங்கிய மூன்றாம் நாள், "இது ஆபீஸ் ஃபார்மாலிட்டி" என்று ஆங்கிலத்தில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதில் 500 என்று இருந்திருக்கிறது. எனக்கு அந்த மேசையில் உட்காரும்வரை அது தெரியாது. ஐ.பி.ஏ.வில் உள்ள சம்பளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் தொழிலாளி எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அக்கா விளக்கினார்.

அப்புறம் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்து, என்னையே போடச் சொன்னார். 800ஐ 12ஆல் பெருக்கி, 52 வாரத்தாலும் 44 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 4.20 வெள்ளி. வாரம் 44 மணிக்கு மேல் போனால் ஓ.டி., ஒன்றரை மடங்கு, அதாவது 6.29. 500க்குப் போட்டுப் பார்த்தால் ஓ.டி. 3.93தான். நான் மாதம் சுமார் 70 மணி ஓ.டி. பார்த்தவன். அடிப்படையில் 300, ஓ.டி.யில் 165, ஆக மாதம் 465 வெள்ளி என் கையிலிருந்து போயிருக்கிறது. ஐந்து மாதத்துக்கு இதைப் போட்டு, வராத இரண்டு மாதத்தின் முழுச் சம்பளத்தையும் ஓ.டி.யையும் சேர்த்தால் 4,800க்குக் கொஞ்சம் மேல். அதுவரை "ஏதோ ஏமாத்துறாங்க" என்று மட்டும் தெரிந்த எனக்கு, அன்றைக்கு எவ்வளவு என்று எண்ணாகத் தெரிந்தது. இந்த மேசையைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே அந்த அரை மணி நேரத்துக்காகத்தான்.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு இடத்தில் இதே புகாரை எழுதிக் கொடுக்க என்னிடம் 100 வெள்ளி கேட்டார்கள். இங்கே ஒரு காசு வாங்கவில்லை.

டாடெம் என்கிற சமரச அமைப்பில் புகார் பதிவு செய்யவும் வழி காட்டினார்கள். வேலையை விட்டு 6 மாதத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். சமரசம் ஆகவில்லை என்றால் வேலைத் தகராறு தீர்ப்பாயம். அங்கே இரண்டு தரப்புக்குமே வக்கீல் கிடையாது, நாமே பேச வேண்டும். எனக்கு அதுவரை போகவில்லை. சமரசப் பேச்சில் நான் நீட்டியது ஐ.பி.ஏ., பேங்க் வரவு, தினமும் வேலைக்கு ஏறி இறங்கிய நேரத்தைக் குறித்து வைத்த பாக்கெட் காலண்டர், இந்த மூன்றும்தான். சிமெண்ட் படிந்து ஓரமெல்லாம் நைந்துபோன காலண்டர். ஆனால் கம்பெனி ஆள் அதைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் குரலைத் தணித்தார். 4,000 வெள்ளி, இரண்டு தவணை என்று ஒத்துக்கொண்டார்கள். மீதி 800ஐ விட்டது இன்னும் மனசில் உறுத்துகிறது. ஆனால் எனக்கு மாதக்கணக்கில் காத்திருக்கத் தெம்பில்லை.

காத்திருப்பதுதான் இதில் கொடுமை. வழக்கு நடக்கும்போது பெர்மிட் போய், தற்காலிகமாகத் தங்க மட்டும் விடுகிற ஸ்பெஷல் பாஸ் கையில் வந்தால், பொதுவாக வேலை செய்யக் கூடாது. தங்க இடமும் சாப்பாடும் முதலாளி பொறுப்பு என்று சட்டம் இருக்கிறது. ஆனால் வழக்குப் போட்ட ஆள் முதலாளி கொடுத்த கட்டிலில் எப்படி நிம்மதியாகத் தூங்குவான்? வீட்டில் அம்மா ஃபோனில் "வேலைக்குக் கெளம்பிட்டியா?" என்று கேட்கும்போதெல்லாம் "ம்" என்று மட்டும் சொல்வேன். இந்த விதி மாற வேண்டும். தப்பு செய்யாதவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருப்பது நியாயமே இல்லை.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். டி.டபிள்யூ.சி.2 அரசாங்க ஆபீஸ் இல்லை. பாக்கியை அவர்கள் வாங்கித் தந்துவிட மாட்டார்கள், அந்த அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. கணக்கைத் தெளிவாக்கி, சரியான வாசலைக் காட்டி, அது முடிகிறவரை பசியாற்றுவார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

புதிதாக வருகிற தம்பிகள் ஐ.பி.ஏ.வை ஃபோனில் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள். "உன் மேல 5,000 வெள்ளி பாண்டு கட்டியிருக்கோம்" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். அது முதலாளி அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய உத்தரவாதம், நம் கடன் இல்லை.

போகும்போது பெர்மிட் கார்டு, சம்பளச் சீட்டு, டைம் கார்டு, இருப்பதையெல்லாம் எடுத்துப் போங்கள். ஒன்றுமே இல்லையென்றாலும் போங்கள். முதலில் சாப்பிடத்தான் சொல்வார்கள்.