ஆட்டோஎஸ்எஸ்ஹெச்: டனல் அறுந்தா திரும்ப நிக்குமா?

டெஸ்க்டாப்ல ஒரு எஸ்எஸ்ஹெச் டனல் (இன்னொரு மெஷினுக்கு என்க்ரிப்ட் பண்ணி போடுற பாதை) போட்டு நாள் பூரா அறாம நிக்கணும்னு தேடினா முதல்ல எல்லாரும் கைகாட்டுறது ஆட்டோஎஸ்எஸ்ஹெச்சத்தான். சின்ன டூல், எஸ்எஸ்ஹெச் செத்துப்போச்சான்னு பார்த்துக்கிட்டே இருக்கும், செத்தா மறுபடி கிளப்பி விடும், அவ்ளோதான் அதோட வேலை.

வேலைய ஒழுங்கா செய்யுது. ஆனா டீஃபால்ட்டா விட்டுட்டு நம்பாதீங்க. வைஃபை போய் வந்தா லைன் செத்திருக்கும், ப்ராசஸ் மட்டும் உயிரோட இருக்கிற மாதிரி உக்காந்திருக்கும். இத கண்டுபிடிக்க மைனஸ் எம் (-M) ஆப்ஷன்ல ஒரு போர்ட் குடுத்தா அதையும் அடுத்த போர்ட்டையும் வச்சு டேட்டா அனுப்பி திரும்ப வருதான்னு பார்க்கும், பழைய காலத்து டெக்னிக், இப்ப தேவையில்ல. மைனஸ் எம் 0 போட்டுட்டு எஸ்எஸ்ஹெச்சோட சர்வர்அலைவ்இன்டர்வல் 30, சர்வர்அலைவ்கவுண்ட்மேக்ஸ் 3 வச்சா (30 செகண்டுக்கு ஒரு தடவ சர்வர கூப்பிட்டு பார்க்கும், மூணு தடவ பதில் வரலன்னா விட்டுடும்) போதும், ஒன்றரை நிமிஷத்துல செத்த லைன அதுவே விட்டுடும்.

அதவிட முக்கியம் எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெயிலியர், அதாவது போர்ட் ஃபார்வர்ட் ஆகலன்னா எஸ்எஸ்ஹெச் வெளியேறிடணும்னு சொல்ற செட்டிங். ரிவர்ஸ் டனல் (சர்வரோட போர்ட்ட நம்ம மெஷின் பக்கம் திருப்புறது) போடுறவங்க இத எஸ்னு வைக்கலன்னா கண்டிப்பா ஒரு நாள் மாட்டுவீங்க, ஏன்னா அறுந்துபோன பழைய கனெக்ஷன் சர்வர் பக்கம் அந்த போர்ட்ட விடாம பிடிச்சிட்டிருக்கும், புதுசு லாகின் ஆகிடும் ஆனா ஃபார்வர்ட் ஆகாது, ஆட்டோஎஸ்எஸ்ஹெச் பார்வைல எல்லாம் சுகம். சர்வர்லயும் கிளையண்ட்அலைவ்இன்டர்வல் வச்சிருங்க, பழசு சீக்கிரம் கழண்டுக்கும்.

கடுப்பேத்துறது ஆட்டோஎஸ்எஸ்ஹெச்சோட கேட்டைம்ங்கிற செட்டிங். முதல் கனெக்ஷன் 30 செகண்டுக்குள்ள விழுந்துட்டா செட்டிங்தான் தப்புன்னு நினைச்சு ஆட்டோஎஸ்எஸ்ஹெச்சே மூட்டை கட்டிடும், பூட் ஆகும்போது நெட் வர லேட்டானா கதை முடிஞ்சுது. கேட்டைம் 0ன்னு வச்சா சரி. மைனஸ் எஃப் (-f) போட்டாலும் அது தானா 0 ஆகிடும், ஆனா பின்னாடி போய் ஓடுறதால பாஸ்ஃபிரேஸ் (சாவிய திறக்கிற ரகசிய வார்த்தை) கேக்க முடியாது.

என்னோட தீர்ப்பு கேட்டா, லினக்ஸ்ல சிஸ்டம்டி (சர்வீஸ்கள கிளப்பி பார்த்துக்கிற ப்ரோக்ராம்) இருந்தா இந்த டூலே வேண்டாம். மேல சொன்ன செட்டிங்ஸோட வெறும் எஸ்எஸ்ஹெச்ச யூசர் சர்வீஸா போட்டு ரீஸ்டார்ட் ஆல்வேஸ், ரீஸ்டார்ட்செக் 10 வைங்க (மறுபடி கிளப்புறதுக்கு முன்னாடி 10 செகண்ட் காத்திருக்கும், இது இல்லன்னா மடமடன்னு அஞ்சு தடவ முட்டிப்பார்த்துட்டு சிஸ்டம்டியும் கைவிட்டுடும்). லாகின் பண்ணாமலே ஓடணும்னா லிங்கர் ஆன் பண்ணுங்க. சிஸ்டம்டி இல்லாத பழைய யூனிக்ஸ் மெஷின்னா ஆட்டோஎஸ்எஸ்ஹெச்ச தாராளமா எடுத்துக்கலாம்.

எதுல ஓட்டினாலும் பாஸ்ஃபிரேஸ் இல்லாத சாவி ஒண்ணு தனியா வேணும், அதுக்கு சர்வர்ல ஆதரைஸ்ட் கீஸ் ஃபைல்ல ரெஸ்ட்ரிக்ட், போர்ட் ஃபார்வர்டிங் ரெண்டும் குடுங்க, ஆனா இது ரெண்டும் கமாண்ட் ஓட்டுறத தடுக்காது, அதுக்கு கமாண்ட் (command) ஆப்ஷன்ல /bin/false மாதிரி ஒண்ணையும் வைங்க, ஷெல் கைக்கு போகாது.