கிளிக்கு வாங்கிய 'அமைதிச் சொட்டு'

எங்கள் வீட்டில் இரண்டரை ஆண்டுகளாக வளரும் சன் கான்யூர் கிளி, கடந்த மாசி மாதத்தில் திடீரெனக் கடிக்கத் தொடங்கியது. அதுவரை தோளில் அமர்ந்து காது மடலைக் கோதிக்கொண்டிருந்த பறவை, சோபாவுக்கு அடியில் கிடந்த செருப்பு அட்டைப்பெட்டியின் பக்கம் யார் கை போனாலும் பாய்ந்தது. ஒருநாள் என் மகளின் விரலில் ரத்தம் வரும்படி கடித்துவிட்டது. தீனி வாங்கும் கடையிலேயே யோசனை கேட்டேன். "மூலிகைதான் சார், பக்கவிளைவே கிடையாது" என்று 850 ரூபாய்க்கு மஞ்சள் மூடி போட்ட ஒரு சிறு புட்டியைக் கொடுத்தார்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் ஐந்து சொட்டு, இரவில் கூண்டருகே வைக்கும் ஆவியாக்கியில் பத்துச் சொட்டு என்பது அவர்கள் சொன்ன அளவு.

மூன்றாம் நாள் கடிப்பது நின்றது. நன்றி சொல்லிக் கடைக்குச் செய்திகூட அனுப்பினேன். அன்று மாலை கிளி இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் வால் மேலும் கீழும் ஆடியது. கிளியின் மூச்சுத் திணறலுக்கு அது முக்கியமான அடையாளம் என்பதை மருத்துவர் சொன்ன பிறகே அறிந்தேன்.

இரவோடு இரவாக ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றிய அந்தக் கால்நடை மருத்துவர், புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, ஓரத்தில் சுருண்டிருந்த ஒட்டுத்தாளை நகத்தால் உரித்தார். அடியில் இன்னொரு ஒட்டுத்தாள் இருந்தது: 'அறை நறுமண எண்ணெய், உட்கொள்ளக் கூடாது.' இதைத்தான் மூன்று நாட்களாக நான் என் கையால் தண்ணீரில் கலந்து கொடுத்திருக்கிறேன்.

பறவைகளின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் இணைந்திருப்பதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதிய காற்று நுரையீரலின் வழியே ஓடிக்கொண்டே இருக்கிறது; ஆகவே மனிதர்களுக்கு மணமாகத் தோன்றும் எண்ணெய் ஆவி, நூறு கிராமுக்குச் சற்றே கூடுதலான எடையுள்ள அந்த உடலை மிக விரைவில் தாக்கிவிடுகிறது. நச்சு வாயுவை முன்கூட்டியே அறிய நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கேனரிப் பறவைகளைக் கொண்டுபோனதும் இதனால்தான்.

கடித்ததன் காரணமோ எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பருவம் எய்திய கிளி அந்த அட்டைப்பெட்டியைக் கூடாக எடுத்துக்கொண்டு அதைக் காவல் காத்திருக்கிறது. நாங்கள் முதுகைத் தடவிக் கொஞ்சியதும், இரவு பதினொரு மணி வரை விளக்கை எரியவிட்டதும் அந்த இனப்பெருக்க உந்துதலை வளர்த்திருக்கின்றன. பெட்டியை அகற்றி, தலையை மட்டும் வருடி, மாலை ஏழு மணிக்கே கூண்டைத் துணியால் மூடிப் பன்னிரண்டு மணி நேரம் உறங்கவிட்டதில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. இதற்குக் காலணா செலவில்லை.

கடையில் கேட்டதற்கு, அளவைக் கூட்டிவிட்டிருப்பேன் என்று பழியை என்மேல் போட்டார்கள். ரசீதும் தர மறுத்தார்கள். பணம் அனுப்பிய கைப்பேசிப் பதிவை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளித்திருக்கிறேன்.

இத்தகைய புட்டியை வாங்கியிருப்பவர்கள் ஆவியாக்கியை உடனே நிறுத்தி, கிண்ணத்துத் தண்ணீரை மாற்றிவிடுங்கள். புட்டியை மட்டும் எறிந்துவிடாதீர்கள், மருத்துவருக்கும் புகாருக்கும் அது தேவைப்படும்.