டிரெஸ்டனில் மாலைப்பொழுது: ஆற்றின் எந்தக் கரையில் கழிப்பது?

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத் தலைநகரான டிரெஸ்டனுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் பகலுக்கு மட்டுமே திட்டம் வகுத்துக்கொண்டு போகிறார்கள். அரண்மனைக் கருவூலம், ட்ஸ்விங்கர் வளாகம், அங்குள்ள ஓவியக்கூடம் என்று மாலை ஐந்து, ஆறு மணி வரை நேரம் நிரம்பிவிடுகிறது. அருங்காட்சியகங்களின் கதவுகள் சாத்தப்பட்ட பிறகுதான், இனி எங்கே போவது என்ற கேள்வி எழுகிறது. எல்பே ஆறு ஊரை இரண்டாகப் பிரிப்பதால், அந்தக் கேள்வி ஏறக்குறைய எந்தக் கரையைத் தேர்ந்தெடுப்பது என்பதாகவே முடிகிறது. தென்கரையில் பழைய நகரமான ஆல்ட்ஸ்டாட்டில் ஓபராவும் தேவாலய இசையும் இருக்கின்றன. வடகரையில் நொய்ஸ்டாட்டின் பார்களும் உணவகங்களும் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஆறும் அதன் அகன்ற புல்வெளிகளும் தமக்கென்று ஒரு மாலையை வைத்திருக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால், அதைத் தென்கரையில் இசைக்குக் கொடுக்க வேண்டும். பயணக் குறிப்பு எழுதுபவர்கள் பலரும் இளைஞர், முதியவர் என்ற வேறுபாடு பார்க்காமல் எல்லோரையும் நொய்ஸ்டாட்டுக்கே அனுப்பிவைக்கிறார்கள். நொய்ஸ்டாட் நல்ல இடம்தான் என்றாலும், அதைப் போன்ற தெருக்கள் லைப்சிக்கிலும் பெர்லினிலும் கிடைக்கும்; தென்கரையில் கேட்கக் கிடைப்பதோ டிரெஸ்டனுக்கே உரியது.

தென்கரையின் மாலைக்கு மையம் செம்பர் ஓபரா அரங்கம். கட்டடக் கலைஞர் கோட்ஃபிரீட் செம்பர் 1841-இல் கட்டி முடித்த முதல் அரங்கம் 1869-இல் தீக்கிரையானது. 1849-ஆம் ஆண்டு டிரெஸ்டனில் நடந்த கிளர்ச்சியில் தடுப்பரண் எழுப்ப உதவியதற்காகத் தேடப்பட்டு, செம்பர் எப்போதோ ஊரைவிட்டுத் தப்பியிருந்தார். அங்கே அரச இசைக்குழுவின் நடத்துநராக இருந்த ரிஷார்ட் வாக்னரும் அதே கிளர்ச்சிக்குப் பிறகுதான் தப்பியோடினார். ஆகவே இரண்டாவது அரங்கத்துக்குத் தந்தை வரைபடம் தர, மகன் மான்ஃபிரெட் உடனிருந்து கட்டினார்; 1878-இல் அது திறக்கப்பட்டது. 1945 பிப்ரவரி 13 இரவில் தொடங்கிய குண்டுவீச்சில் அதுவும் அழிந்தது. சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து, 1985 பிப்ரவரி 13 அன்று, கிழக்கு ஜெர்மனி அரசு அதை மீட்டெடுத்துத் திறந்தது. இன்று அங்கே இசைக்கும் சாக்சன் அரசு இசைக்குழு 1548-இல் அரசவைக் குழுவாகத் தொடங்கப்பட்டு இன்றுவரை தொடர்வது. ரிஷார்ட் ஸ்ட்ராவுஸின் ஓபராக்களில் ஒன்பது முதன்முதலாக அரங்கேறியது இந்த ஊரில்தான்.

உள்ளே நுழைந்ததும் மேடைக்கு மேலே பார்க்க வேண்டும். அங்கிருக்கும் கடிகாரத்துக்கு முள் கிடையாது. இடப்பக்கச் சாளரத்தில் ரோமானிய எண்ணில் மணியும், வலப்பக்கச் சாளரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் நிமிட எண்ணும் தெரியும். கடைசி வரிசையில் இருப்பவரும் மங்கிய ஒளியில் படித்துவிடலாம். 1841-ஆம் ஆண்டு அரங்கத்துக்கென்று முதலில் செய்யப்பட்ட அமைப்பு அது. மாடிக்கூடத்தில் பளிங்குபோல மின்னும் தூண்கள் உண்மையில் மெருகேற்றிய சுதை வேலைப்பாடு. மரப்பலகைபோலத் தெரியும் சுவர்கள் சாந்தின் மேல் மரத்தின் ரேகைகளைத் தீட்டி உருவாக்கியவை. இடைவேளையில் பானம் வாங்க வரிசையில் நிற்பதைவிட இவற்றை அருகில் சென்று பார்ப்பதற்கு அந்த நேரத்தைச் செலவிடலாம்.

ஜெர்மன் தெரியாதே என்று தயங்கத் தேவையில்லை. மேடைக்கு மேல் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் வரிகள் ஓடுகின்றன. செலவைப் பொறுத்தவரை, நல்ல இருக்கைக்குக் கணிசமான விலை உண்டு என்பது உண்மைதான். ஆனால் மேடை பாதி மறையும் ஓர இருக்கைகளும் மேடையே தெரியாத, கேட்பதற்கு மட்டுமான இருக்கைகளும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இசைக்காகப் போகிறவர்களுக்கு அவையே போதும் என்பேன். விற்காத இருக்கைகளுக்கான மாலை விற்பனை நிகழ்ச்சி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கும். கோட்டும் டையும் கட்டாயமில்லை. சுத்தமான, கசங்காத உடை போதுமானது. நேரம் தவறுவதுதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் நிகழ்ச்சி தொடங்கிய பிறகு வருபவர்கள் தகுந்த இடைவெளி வரும்வரை வெளியில் காத்திருக்க நேரும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஓபரா மூன்று, நான்கு மணி நேரம் நீளக்கூடியது. முந்தைய இரவு இந்தியாவிலிருந்து விமானம் ஏறி வந்தவர்களும் சிறு குழந்தைகளை அழைத்து வந்தவர்களும் அதைத் தாங்கிக்கொள்வது கடினம்.

அத்தகையவர்களுக்குத் தேவாலய இசை பொருத்தமானது. சந்தைச் சதுக்கத்தில் இருக்கும் கிரொய்ட்ஸ்கிர்ஷ தேவாலயத்தில், எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரபுடைய சிறுவர் பாடகர் குழு, விடுமுறைக் காலமோ வெளியூர்ப் பயணமோ இல்லாத சனிக்கிழமை மாலைகளில் வழிபாட்டில் பாடுகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஓபராவோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். அரண்மனையை ஒட்டிய கத்தோலிக்கப் பேராலயத்தில் இருக்கும் ஆர்கன் என்ற குழாய் இசைக்கருவி, புகழ்பெற்ற கைவினைஞர் கோட்ஃபிரீட் சில்பர்மன் கடைசியாக மேற்கொண்ட பெரும்படைப்பு. அவர் இறந்த பிறகு 1755-இல் அது நிறைவுற்றது. போரின்போது குழாய்களை முன்கூட்டியே கழற்றி வேறிடம் கொண்டுபோயிருந்ததால்தான் அந்த நாதம் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. 1945-இல் இடிந்து விழுந்து, 2005 அக்டோபரில் மீண்டும் அர்ப்பணிக்கப்பட்ட ஃபிராவன்கிர்ஷ தேவாலயத்தைப் பொறுத்தவரை, இசைக்காக உள்ளே போகாதவர்களும் இருட்டிய பிறகு அதன் வெளிச்சுவரை ஒருமுறை சுற்றிவர வேண்டும். இடிபாடுகளிலிருந்து எடுத்துப் பொருத்திய கருத்த கற்களும் புதிதாக வெட்டிய வெளிர்மஞ்சள் கற்களும் விளக்கொளியில் பகலைவிடத் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. எந்தப் பகுதி குண்டுவீச்சுக்குப் பின்னும் நின்றது, எது புதிதாக எழுந்தது என்பதை அந்தச் சுவரே படித்துக்காட்டிவிடும்.

தென்கரையின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது இரவு பத்து மணி தாண்டியிருந்தால், பல உணவகங்களின் சமையலறை மூடியிருக்கும். ஃபிராவன்கிர்ஷவைச் சுற்றியுள்ள உணவகங்கள் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடப்பவை. விலை அதிகம், சைவ உணவுக்காரர்களுக்குத் தேர்வு குறைவு. எனவே நிகழ்ச்சிக்கு முன்பே சாப்பிட்டுவிடுவது நல்லது. அதைவிடப் பெரிய குறை, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் பெரும்பகுதியில் ஓபரா கோடை விடுமுறையில் இருப்பதுதான். நம் ஊர்களிலிருந்து குடும்பத்தோடு ஐரோப்பா செல்பவர்கள் மே, ஜூன் மாதங்களில் போனால் நிகழ்ச்சி கிடைக்கும். அதற்குப் பிறகு போகிறவர்கள் ஆற்றங்கரையை நாட வேண்டியதுதான்.

அதற்காக வருந்த வேண்டியதில்லை. கோடையில் எல்பே கரை ஓபராவுக்கு ஈடுகொடுத்து நிற்கிறது. ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி தாண்டிவிடும். அகஸ்டஸ் பாலத்தைக் கடந்து வடகரைப் புல்வெளியில் அமர்ந்தால், எதிர்க்கரையில் பேராலயக் கோபுரமும் அரண்மனையும் ஃபிராவன்கிர்ஷவின் மணிவடிவக் குவிமாடமும் ஒரே வரிசையில் தெரியும். கனலெட்டோ என்று அழைக்கப்பட்ட ஓவியர் பெர்னார்டோ பெலோட்டோ 1748-இல் இந்தக் கரையில் நின்றுதான் நகரத்தை வரைந்தார். பின்னாளில் அழிந்தவற்றை மீட்டபோது அவருடைய ஓவியங்களும் துணையாயின. வெள்ளம் வடிய இடம் வேண்டும் என்பதால் இந்தக் கரையில் பெரும்பாலும் கட்டடம் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். 2002 ஆகஸ்டில் ஆறு 9.40 மீட்டர் வரை ஏறி, ஓபராவின் அடித்தளத்தையும் மூழ்கடித்த வரலாறு உண்டு. இங்கே அமர்வதற்குக் கட்டணம் இல்லை. கடையில் வாங்கிய ரொட்டியும் பழங்களுமாக ஒரு குடும்பமே மாலையைக் கழித்துவிடலாம். பொது இடத்தில் பீர் அருந்துவதும் அங்கே சட்டப்படி குற்றமில்லை. 1991 முதல் ஒவ்வொரு கோடையிலும் இதே கரையில் திறந்தவெளித் திரையரங்கு அமைத்துப் படங்களும் கச்சேரிகளும் நடத்துகிறார்கள். அதில் டிக்கெட் வாங்குவதற்கு முன், படம் ஜெர்மன் ஒலிச்சேர்க்கையில் ஓடுகிறதா, மூலமொழியில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டியதும் ஆற்றுக்காற்று சில்லென்று வீசும் என்பதால் ஜூலையிலும் ஒரு கம்பளி மேலாடை கையில் இருக்கட்டும்.

ஆற்றின் மீதே போகும் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல்களைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணமே உண்டு. இந்தக் கப்பல்களில் மூத்தது 1879-இல் கட்டப்பட்டது. எஞ்சின் அறையைப் பயணிகள் மேலிருந்து பார்க்கும்படி திறந்துவைத்திருக்கிறார்கள். எண்ணெய் பூசிய தண்டுகள் முன்னும் பின்னும் அசைந்து சக்கரத்தைச் சுழற்றுவதைக் குழந்தைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். கப்பல் ஆற்றை எதிர்த்து ஏறும்போது மூன்று எல்பே மாளிகைகளும் திராட்சைத் தோட்டங்களும் வந்து, 1893-இல் கட்டிய நீலநிற இரும்புப் பாலம் வரை காட்சிகளுக்குக் குறைவில்லை. ஆனால் பழைய நகரம் சில நிமிடங்களில் பின்தங்கிவிடும். விளக்கு இல்லாத புல்வெளிகளே இருபுறமும் நீள்வதால், இருட்டிய பிறகு பார்க்க அதிகம் இருக்காது. ஆகவே நீண்ட வெளிச்சம் உள்ள மே முதல் ஜூலை வரை மாலைப் பயணம் பொருத்தம். செப்டம்பரில் பகல் பயணமே மேல். வறண்ட கோடையில் நீர்மட்டம் தாழ்ந்து பயணங்களே ரத்தாவதும் உண்டு என்பதால், ஒரே மாலையை இதை நம்பி ஒதுக்கக் கூடாது.

இனி நொய்ஸ்டாட். அங்குள்ள பார்த் தெருக்கள் ஆற்றங்கரையை ஒட்டி இல்லை. பொன்முலாம் பூசிய அகஸ்டஸ் மன்னர் குதிரைச் சிலையைத் தாண்டி, ஆல்பர்ட் சதுக்கத்துக்கும் அப்பால், அலவுன், லூயிசன், கோர்லிட்சர் ஆகிய தெருக்களைச் சுற்றி இருக்கின்றன. 1945 குண்டுவீச்சில் பெருமளவு தப்பிய 19-ஆம் நூற்றாண்டு வீடுகள் கிழக்கு ஜெர்மனி காலத்தில் பராமரிப்பின்றிச் சிதைந்தன. இடிக்கும் திட்டம் இருந்தும், 1989-இல் ஆட்சி சரிந்ததால் அவை பிழைத்தன. மறு ஆண்டு ஜூனில் அங்கு வசித்தவர்கள் தங்கள் பேட்டையை வண்ணமயக் குடியரசு என்று அறிவித்து, தனியாக நாணயத்தாளும் அச்சடித்தார்கள். அந்த உணர்வின் மிச்சம் ஜூன் மாதத் தெருவிழாவாகத் தொடர்கிறது.

சாப்பாட்டில் நொய்ஸ்டாட் தென்கரையை எளிதாக வென்றுவிடுகிறது. துருக்கிய, வியட்நாமிய, இந்திய உணவகங்கள் அருகருகே இருக்கின்றன, சைவம், முழுத்தாவர உணவு இரண்டும் தேடாமலே கிடைக்கும், விலையும் கட்டுப்படியாகும். பக்கத்து ஊரான ராடபெர்க்கின் பீரும், எல்பே பள்ளத்தாக்கில் விளையும் கோல்ட்ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ஒயினும் கிடைக்கும். மதுவே தொடாதவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. இருட்டுவதற்குள் கலைமுற்றங்கள் என்ற ஐந்து உள்முற்றங்களைப் பார்த்துவிடுங்கள். அவற்றில் ஒன்றில், நீலச் சுவரில் புனல்களும் தகரக் குழாய்களும் வளைந்து வளைந்து இறங்கி, மழை பெய்யும்போது நீர் ஓடி ஒலியெழுப்பும். கோடை வார இறுதிகளில் மூன்று தெருக்கள் கூடும் சந்திப்பில் நூற்றுக்கணக்கானோர் நடைபாதையிலேயே உட்கார்ந்து குடித்துப் பேசுகிறார்கள். சிலருக்கு அதுவே கொண்டாட்டம். முதியோருடன் செல்பவர்களுக்கு அந்த இரைச்சலும் உடைந்த கண்ணாடிகளும் உவப்பாக இருக்காது. சில பார்களில் புகைபிடிக்க அனுமதி உண்டு, சிலவற்றில் ரொக்கம் மட்டுமே வாங்குவார்கள்.

நிறத்தாலோ தோற்றத்தாலோ வெறுப்பை எதிர்கொள்ள நேருமோ என்று நம்மவர் சிலர் இந்த ஊரைத் தவிர்க்கிறார்கள். 2014 முதல் பத்தாண்டுகள் குடியேறிகளுக்கு எதிரான பெகிடா ஊர்வலங்கள் இங்கே நடந்ததால் அந்தக் கவலை ஆதாரமற்றதல்ல. பல நாட்டவரும் கலந்து புழங்கும் நொய்ஸ்டாட் அந்த வகையில் ஊரிலேயே மனம் இலகுவாக உணரக்கூடிய பகுதி. இரவு வெகுநேரம் வெளியில் இருக்க விரும்புபவர்களுக்கு அதைத் தேர்ந்தெடுக்க இது ஒரு வலுவான காரணம்.

பருவத்தைப் பொறுத்து இந்த ஒப்பீடு மாறும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். 1434 முதல் நடந்துவரும் ஸ்ட்ரீட்செல் கிறிஸ்துமஸ் சந்தை, ஆட்கள் குறையும் தென்கரையை ஒன்பது மணி வரை நிரப்பிவிடுகிறது. பிப்ரவரி 13 அன்று அங்கிருக்க நேர்ந்தால் எந்தக் கேளிக்கையையும் திட்டமிட வேண்டாம். அன்று மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நிற்பார்கள். முதல் தாக்குதலுக்கு முன் எச்சரிக்கைச் சங்கு ஒலித்த நேரத்தை நினைவுகூர்ந்து, இரவு 9.45 மணிக்குத் தேவாலய மணிகள் ஒன்றாக ஒலிக்கும். நினைவுக் கச்சேரிகளில் கைதட்டும் வழக்கம் இல்லை.

திரும்பி வருவது எந்தக் கரையிலும் சிரமமில்லை. 2024 செப்டம்பரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் சரிந்து விழுந்ததால் அதன் வழியாகச் சென்ற டிராம்கள் பாதை மாறியிருக்கின்றன. பழைய வழிகாட்டி நூல்களில் உள்ள வரைபடத்தை நம்பாமல் அன்றைய அட்டவணையைப் பாருங்கள். இரவு நேர டிராம்களும் பேருந்துகளும் போஸ்ட்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஒரே நேரத்தில் கூடி, பயணிகள் மாறி ஏறும்வரை நின்று புறப்படுகின்றன. தென்கரையில் அறை எடுத்தவர்கள், அகஸ்டஸ் பாலம் வழியாக அரை மணி நேரத்துக்குள் நொய்ஸ்டாட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். இரண்டு மாலைகள் இருப்பவர்கள் முதல் நாள் ஓபராவுக்கும் மறுநாள் நொய்ஸ்டாட்டுக்கும் போவதே நல்லது. நொய்ஸ்டாட்டில் பின்னிரவு வரை விழித்திருந்துவிட்டு மறுநாள் நான்கு மணி நேர ஓபராவில் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருப்பது எளிதல்ல.