‘பைபாஸ்’ ஸ்டிக்கரை நம்பி வாங்காதீர்கள்

கொழும்பில் நெட்வேர்க் பாதுகாப்புப் பெட்டி வாங்க நினைப்பவர்கள் காசு கொடுக்க முதல் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் அலுவலகம் கோட்டையில், கப்பல் சரக்கு வேலை. சுங்க ஆவணங்கள் ஒன்லைனில்தான் போகும். தொடர்பு அறுந்தால் கொள்கலன் விடுவிப்பது தள்ளிப்போகும், டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறும். ரவுட்டருக்கும் உள் ஸ்விட்சுக்கும் நடுவில் ஊடுருவலைத் தடுக்கும் ஐபிஎஸ் பெட்டி ஒன்று வைக்க முடிவெடுத்தோம். எல்லாப் போக்குவரத்தும் அதற்குள்ளால்தான் போகும் என்பதால், அது நின்றால் எல்லாமே நின்றுவிடும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட ஊர் இது. அதனால் பெட்டி நின்றாலும் தொடர்பை அறுக்காத பைபாஸ் உள்ள மொடல்தான் வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டோம். கொட்டேஷனிலும் இன்வொய்ஸிலும் அப்படியே போட்டுத் தந்தார்கள்.

உண்மையான பைபாஸில் ரிலே எனப்படும் சின்ன மின் சுவிட்சுகள் இருக்கும். கரண்ட் போனதும் அவை தாமாகவே விழுந்து, வரும் போர்ட்டையும் போகும் போர்ட்டையும் நேரடியாக இணைத்துவிடும். சோதனை நடக்காது, ஆனால் தொடர்பு இருக்கும். சோதிக்காமல் எதுவுமே உள்ளே வரக்கூடாது என்கிற இடங்களுக்கு இது சரிவராது. எங்களுக்குத் தொடர்புதான் முக்கியம்.

பொருத்த வந்தவர் செய்து காட்டினார். லெப்டொப்பில், தொடர்பு இருக்கிறதா என்று விடாமல் பார்க்கும் பிங்கை ஓடவிட்டு, பெட்டியின் திரையில் சோதனைச் சேவையை நிறுத்தினார். பிங் தொடர்ந்து ஓடியது. “பாருங்க அண்ணே, பைபாஸ் வேலை செய்யுது” என்றார். ஏமாற்று இங்கேதான். பெட்டிக்குள் கரண்ட் இருக்கும்வரை மென்பொருளே தரவுகளைக் கடத்திவிடும். கரண்ட் போனால் அந்த மென்பொருளும் போய்விடும்.

அப்புறம் ஒரு நாள், மின்வெட்டுக்கூட இல்லை, பெட்டியின் அடாப்டர் எரிந்தது. யூபிஎஸ் நன்றாகத்தான் இருந்தது. பெட்டியின் சொந்த அடாப்டர் போனால் யூபிஎஸ் என்ன செய்யும்? இணையம் முழுதாக நின்றது. இரண்டு கேபிளையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துத்தான் அன்றைய வேலையை ஓட்டினோம்.

மூடியைத் திறந்து பார்த்தேன். போர்ட்டுகளுக்குப் பின்னால், ரிலேக்கள் இருக்க வேண்டிய இடத்தில் பலகையில் வெறும் ஈயப் புள்ளிகள் வரிசையாக மின்னின. ஒரு ரிலேகூட இல்லை. இந்தப் பெட்டிகள் பைபாஸோடும் பைபாஸ் இல்லாமலும் ஒரே உறையில் வருபவை. நமக்கு வந்தது இல்லாதது. முன்பக்கத்தில் ‘பைபாஸ்’ என்றிருந்தது நகத்தால் சுரண்டினாலே உரிகிற ஸ்டிக்கர்.

படங்களோடு கடைக்குப் போனோம். முதலில் வயரிங் பிழை என்றார்கள், பிறகு செட்டிங் பிழை என்றார்கள். கடைசியில் காசு திருப்பித் தர முடியாது, அதே கடையில் வேறு பொருள் எடுங்கள் என்றார்கள். தவறுதலாக நடந்தது என்று நான் நம்பவில்லை. தெரியாமல் விற்றவர் ஸ்டிக்கர் அடிக்க மாட்டார்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே பிங் ஓடவிட்டு, அடாப்டரைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். ரிலே இருந்தால் ‘டிக்’ என்று கேட்கும். லிங்க் திரும்பப் பேசி எழும்ப சில செக்கன் பிங் விழலாம், அது வழமை. எந்த இரண்டு போர்ட் பைபாஸ் சோடி என்று மொடல் எண்ணோடு இன்வொய்ஸில் எழுதி வாங்குங்கள், எல்லாப் போர்ட்டுக்கும் அது இருக்காது. செப்புக் கேபிள் என்றால் இரு பக்கமும் சேர்த்து 100 மீற்றருக்குள் இருக்கட்டும், ரிலே சிக்னலைப் புதுப்பிக்காது. உங்கள் பயர்வோலே நட் (NAT) செய்து, அதாவது உள் ஐபி முகவரியை வெளி முகவரியாக மாற்றுகிறது என்றால் பைபாஸால் பயனில்லை, பைபாஸில் அந்த மாற்றம் நடக்காது, இரண்டாவது பயர்வோல்தான் வேண்டும். அதையும் மறைத்து பைபாஸ் விற்கிறார்கள்.

எங்களுக்கு விற்ற அதே பெட்டி அதே ஸ்டிக்கரோடு இன்றைக்கும் விளம்பரத்தில் இருக்கிறது. அடாப்டரைப் பிடுங்க விடாத கடையில் வாங்காதீர்கள்.