ஆயிரம் ரூபாய் பாஸ், சிங்காரச் சென்னை கார்டு: ஆறு வருடமாகப் பயன்படுத்தியதில் தெரிந்தது

ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: பஸ் பாஸ் எடுக்கலாமா, இல்லை மெட்ரோ கார்டே போதுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடுகிறேன்.

வீடு பெரம்பூர், வேலை ஓஎம்ஆரில். 29சி பிடித்து அடையாறு, அங்கே இறங்கி இன்னொரு பஸ். 2019-லிருந்து மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸ்தான் என் வாகனம். நடுவில் கொரோனாவால் வீட்டிலிருந்து வேலை பார்த்த மாதங்கள் மட்டும் விட்டுப்போயின.

கணக்கு ரொம்ப எளிது. மாதம் 25 நாள் போகிறீர்கள் என்றால் நாளுக்கு 40 ரூபாய். போக வர டிக்கெட் அதைத் தாண்டுகிறதா, பாஸ் எடுத்துவிடுங்கள். வாரம் மூன்று நாள்தான் ஆபீஸ், மாதத்துக்கு 12 நாள் என்றால் நாளுக்கு 83 ரூபாய் ஆகிவிடும், அப்போது யோசிக்க வேண்டியதுதான். இந்தப் பாஸ் ஏசி பஸ்ஸுக்குச் செல்லாது. அதற்கு 2025 மார்ச்சில் 2,000 ரூபாய் பாஸ் வந்தது, அதில் ஏசி உட்பட எல்லா பஸ்ஸிலும் ஏறலாம். வெயில் காலத்தில் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் என் தடத்தில் ஏசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு சாதா பஸ் வந்துவிடுகிறது.

ஆனால் நான் பாஸை விடாமல் இருப்பதற்குக் காரணம் பணம் இல்லை. எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், மறுபடி ஏறலாம், அதுதான். சாயங்காலம் திரும்பும்போது மந்தைவெளி தாண்டி லஸ்ஸில் இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டு அடுத்த 29சியில் ஏறுவேன். ஜெமினி பக்கம் வண்டி நகராமல் நின்றால் இறங்கி நடந்து, சிக்னலுக்கு அந்தப் பக்கம் வேறு பஸ் பிடிப்பேன். டிக்கெட் வாங்கிப் போகிற நாளில் இதெல்லாம் தோன்றவே தோன்றாது, காசு கொடுத்தாச்சே என்று உட்கார்ந்தே இருப்போம். சாதாரணக் கட்டண வெள்ளை போர்டா, கட்டணம் கூடின வேறு போர்டா என்று பார்க்காமல் முதலில் வருகிற வண்டியில் ஏறலாம். கண்டக்டர் கூட்டத்துக்குள் நெளிந்து வரும்போது ‘பாஸ்’ என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சில்லறை தேட வேண்டாம், டிக்கெட்டின் பின்னால் எழுதிய மீதியை இறங்கும்போது ஞாபகமாகக் கேட்க வேண்டாம்.

பேப்பர் பாஸில் கவனிக்க வேண்டியது தேதி. 16-ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 15 வரை என்பதுதான் அதன் மாதம். 28-ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தவருக்கு இது கொஞ்சமும் பொருந்தாது, அந்த அரை மாதத்தை டிக்கெட்டில் ஓட்டிவிடுங்கள். அப்புறம் ஐடி கார்டு நம்பரைப் பாஸில் எழுதும்போது ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். ஒரு டிசம்பர் மழையில் சட்டைப்பை நனைந்து, எடுத்துப் பார்த்தால் நம்பர் இருந்த இடத்தில் நீலமாக ஒரு திட்டுதான் இருந்தது. அன்றிலிருந்து பால் பாயிண்ட் பேனா, மேலே பிளாஸ்டிக் உறை.

சரி, கார்டு. சிங்காரச் சென்னை கார்டு 2023 ஏப்ரலில் மெட்ரோவுக்காக வந்தது. 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்திலும் செல்லும் என்றதும் நான் வாங்கினேன். பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொன்னால் கண்டக்டர் மெஷினில் தட்டுவார், நாம் கார்டைக் காட்டினால் டிக்கெட் வரும். மெட்ரோவில் 20 சதவீதத் தள்ளுபடி இருப்பதால் விமான நிலையம், சென்ட்ரல் என்று போகும்போதெல்லாம் இதுதான். பல ஊர்களிலும் செல்லும் தேசியப் பொதுப் போக்குவரத்துக் கார்டு (என்சிஎம்சி) வகை என்பதால் பெங்களூர் மெட்ரோவிலும் இதையே வைத்தேன், கேட் திறந்துவிட்டது. ஊர் புரியாத இடத்தில் டோக்கனுக்கு வரிசையில் நிற்காமல் உள்ளே போனது எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வகைக் கார்டில் பணம் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, அதிகபட்சம் 2,000 ரூபாய். போனில் ரீசார்ஜ் செய்தால் மட்டும் போதாது, ஸ்டேஷனில் மெஷினில் வைத்து அந்தப் பணத்தைச் சிப்பில் ஏற்ற வேண்டும். இது தெரியாமல் நான் நேராகக் கேட்டில் வைத்து, பின்னால் வந்தவர்களை நிற்கவைத்துவிட்டேன். இன்னொரு விஷயம், பர்ஸோடு வைக்காதீர்கள். உள்ளே மெஷினில் தட்டினாலே பணம் கட்டும் பேங்க் கார்டு இருந்தால் மெஷின் இரண்டுக்கும் நடுவில் குழம்பும். தனியாக எடுத்து வையுங்கள்.

ஆனாலும் பஸ்ஸில் கார்டு என்பது சில்லறைக்குப் பதில்தான். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் காசு கழியும், லஸ்ஸில் இறங்கி ஏறினால் இரண்டு டிக்கெட். தினமும் போகிறவருக்குப் பாஸ், எப்போதாவது போகிறவருக்கும் மெட்ரோவுக்கும் கார்டு. எங்கள் வீட்டிலேயே அம்மாவுக்கு இரண்டும் தேவையில்லை, 2021-லிருந்து வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அப்பாவுக்கு மூத்த குடிமக்களுக்கான இலவச பஸ் டோக்கன் மாதம் 10 கிடைக்கிறது, அதில் பாதியாவது பெரம்பூர் பக்கமே செலவாகிவிடும்.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். அதே மாதிரி மூன்றுக்கும் சேர்த்து, என் 1,000 ரூபாய் பாஸ் போல எங்கும் இறங்கி எதிலும் ஏறுகிற ஒரு மாதப் பாஸ் வேண்டும். விலை 2,500 என்றாலும் முதல் நாளே வரிசையில் நிற்பேன். அதுவரை சட்டைப்பையில் பாஸ், பேன்ட் பையில் கார்டு, போனில் 15-ஆம் தேதிக்கு ஒரு அலாரம்.